பந்தயப் பாதையின் வளைவும் வேகமும் விறுவிறுப்பும்

புகழேந்திப் புலவரின் நளவெண்பாவைப் பயின்ற மாணவர் ஒரு காட்சியை எளிதில் மறவார். வாகுகன் என்னும் பெயரோடு மறைந்து வாழ்ந்த நளன், அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குச் சாரதியாகி, விதர்ப்ப நாடு நோக்கித் தேரைச் செலுத்துகின்றான். மன்னனின் மேலாடை நழுவி விழுகின்றது. அதனை எடுக்குமாறு அவன் சொல்லி முடிப்பதற்குள் தேர் பல காதம் கடந்து விடுகின்றது. தேரின் விரைவைப் படிப்போர் மனத்திற் பதிக்கப் புலவருக்கு ஓர் ஆடை போதுமாயிற்று. அக்காட்சியிலே சாரதியை வியக்கின்றோம், குதிரைகளையும் வியக்கின்றோம். தேர் ஓடிய பாதையை மட்டும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்காலத்து மோட்டார்ப் பந்தயங்களைக் காண்போரிற் பெரும்பாலாரும் அவ்வாறே உள்ளனர். எந்தக் கார், எந்தச் சாரதி என்று கேட்பரே யன்றி, எந்தப் பாதை என்று கேட்பவர் சிலரே. ஆயினும் ஒரு வளைவை நேராக்கினாலும், ஒரு நேர்பாதையின் நடுவே ஒரு நெளிவை இட்டாலும், பந்தயத்தின் போக்கே மாறிவிடுகின்றது. சில திருத்தங்களால் வேகம் கூடி விறுவிறுப்புக் குறைந்தது. வேறு சிலவற்றால் வேகம் குறைந்து விறுவிறுப்புக் கூடியது. இரண்டும் ஒருங்கே கூடியதும் உண்டு. ஆகவே வேகம் வேறு, விறுவிறுப்பு வேறு என்பதையும், இவ்விரண்டுக்கும் மேலாக மனித உயிரின் காப்பு நிற்கின்றது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கணிதமும் பௌதிகமும் பயிலும் மாணவர்க்கு இஃது ஒரு பயிற்சியாகவும், வீதியிலே வண்டி செலுத்தும் பழைய மாணவர்க்கு ஒரு நினைவூட்டலாகவும் அமைவதாக.

1. வளைவின் கணக்கு

சாகாமத்திலிருந்து திருக்கோவிலுக்குத் துவிச்சக்கரவண்டியிற் செல்லும் மாணவன் ஒவ்வொருவனும் வளைவின் இயல்பை உடம்பால் அறிவான். நேர்வீதியில் எவ்வளவு விரைவாகவும் மிதிக்கலாம். வளைவு வந்தவுடன் உடல் ஒரு பக்கம் சாய்கின்றது. கை தானாகவே பிறேக்கைத் தேடுகின்றது. வண்டியின் வேகம் அளவு கடந்தாலோ, வீதியில் மணல் கிடந்தாலோ, சக்கரம் வழுக்கி வண்டி வெளிப்புறமாகச் செல்கின்றது.

இதற்குக் காரணம் யாது? இயங்கும் பொருள் நேர்கோட்டிலேயே செல்ல விழைகின்றது. அதனை வளைத்துச் செலுத்த ஒரு விசை உள்நோக்கி இழுத்தல் வேண்டும். வீதியில் ஓடும் வண்டிக்கு அவ்விசையைத் தருவது ரயருக்கும் தார்ப்பரப்புக்கும் இடையேயுள்ள பிடிப்பு. வேகம் இரு மடங்கானால் வேண்டப்படும் விசை நான்கு மடங்காகும். வளைவின் ஆரை பெரிதாக ஆக, வேண்டப்படும் விசை குறையும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ரயரின் பிடிப்பு வண்டியின் நிறைக்குச் சமமானது என வைப்போம். 50 மீற்றர் ஆரையுள்ள வளைவை அவ்வண்டி மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வேகத்திலேயே கடக்கலாம். ஆரையை 200 மீற்றராக்கினால் அவ்வேகம் 160 கிலோமீற்றராகும். ஆரையை 12.5 மீற்றராகக் குறுக்கினால் 40 கிலோமீற்றராகிவிடும். இயந்திரத்தில் ஒரு திருகாணியையும் தொடாமல், பாதையின் கோட்டை மட்டும் மாற்றி, ஒரு காரின் வேகத்தைப் பாதியாக்கவும் இரட்டிப்பாக்கவும் இயலும் என்பது இதனாற் பெறப்படும்.

வேகத்தைக் குறைப்பதற்கு வடிவமைப்பாளர் கையாளும் கருவிகள் இரண்டு. ஒன்று, மலைநாட்டு வீதிகளிற் காணும் கொண்டை ஊசி வளைவு. மற்றையது, நேர்பாதையின் நடுவே இடமும் வலமுமாக அடுத்தடுத்து இடப்படும் குறுகிய திருப்பங்கள். பந்தயத் துறையினர் இதனைச் சிக்கேன் என்பர். ஈண்டு நாம் அதனை நெளிவு என்றே வழங்குவோம்.

2. விறுவிறுப்புப் பிறக்கும் இடம்

வேகம் மிக்க பந்தயமே விறுவிறுப்பு மிக்கது என்று பலர் கருதுவர். இருபது கார்கள் மிகுந்த வேகத்துடன், ஒன்றன்பின் ஒன்றாக, இடம் மாறாமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடினால் அதனைப் பந்தயம் என்பதிலும் ஊர்வலம் என்பதே பொருந்தும். பார்ப்போரை இருக்கையின் நுனிக்கு இழுப்பது, பின்னால் வருபவன் முன்னாற் செல்பவனை முந்துவானா என்னும் ஐயமே. ஆகவே விறுவிறுப்பின் இலக்கணத்தை அறிய வேண்டின் முந்துதலின் இலக்கணத்தை அறிதல் வேண்டும்.

முந்துதற்கு முதல் உதவி காற்று. எதிர்க்காற்று வீசும் நாளில் நம் கடற்கரை வீதியிலே துவிச்சக்கரவண்டி மிதிப்பவன், முன்னே செல்லும் இன்னொருவனின் பின்னால் ஒட்டிச் செல்வதை எல்லோரும் கண்டிருப்போம். முன்னவன் காற்றைக் கிழிக்கின்றான். பின்னவனுக்கு மிதிப்பது இலகுவாகின்றது. நேர்பாதையில் ஓடும் பந்தயக் கார்களுக்கும் இஃது ஒக்கும். முன் காரின் நிழலிற் செல்லும் பின் கார் வலுவைச் சேமித்துத் தக்க நேரத்தில் வெளியே விலகி முந்திச் செல்லும்.

காற்றே இன்னோரிடத்தில் தடையுமாகின்றது. இக்காலத்துப் பந்தயக் கார்களின் முன்னும் பின்னும் உள்ள சிறகுகள், ஓடும் காற்றினால் காரைத் தரையை நோக்கி அழுத்தி ரயரின் பிடிப்பை மிகுவிக்கின்றன. முன் கார் கலக்கிவிட்ட காற்றிலே பின் காரின் சிறகுகள் செவ்வனே தொழிற்படா. எனவே விரைவான வளைவுகளிற் பின் கார் பிடிப்பை இழந்து பின்தங்குகின்றது. வேக வளைவுகள் நிறைந்த பாதை சாரதியின் திறனைக் காட்டும்; முந்துதற்கு மட்டும் அது எளிதில் இடந்தராது.

இரண்டாவது உதவி பிறேக்கின் தூரம். ஒரு கார் பிறேக் இடும்போது ஒவ்வொரு செக்கனிலும் அதன் வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர் குறைகின்றது எனக் கொள்வோம். 180 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 144க்கு இறங்க அதற்கு 45 மீற்றர் போதும். 180இலிருந்து 72க்கு இறங்க 105 மீற்றர் வேண்டும். இந்த 105 மீற்றரிலேதான் போட்டி நிகழ்கின்றது. ஒருவன் சற்று முன்னதாகவே பிறேக் இடுவான்; மற்றவன் துணிந்து சற்றுத் தாமதிப்பான். பிறேக்கின் தூரம் நீள நீள, துணிவும் கணிப்பும் தத்தம் வேலையைச் செய்ய இடமும் நீளுகின்றது. ஆகவே நெடிய நேர்பாதையும் அதன் முடிவில் மெதுவான, அகன்ற ஒரு வளைவும் சேர்ந்த இடமே முந்துதற்குச் சிறந்த இடம் என்க.

ஒரு மயக்கத்தை இங்கே தெளிவித்தல் நன்று. இரண்டு கார்கள் ஒரு செக்கன் இடைவெளியில் ஓடுகின்றன. மணிக்கு 288 கிலோமீற்றர் வேகத்தில் அவற்றின் இடைத்தூரம் 80 மீற்றர். 72 கிலோமீற்றர் வேகமுள்ள வளைவில் அது 20 மீற்றராகச் சுருங்குகின்றது. பார்ப்பவனுக்குப் பின் கார் நெருங்கிவிட்டது போலத் தோன்றும். வளைவை விட்டு வெளியேறியதும் இடைவெளி மீண்டும் விரியும். மெதுவான வளைவு கார்களை நெருக்கிக் காட்டுவது கண்ணுக்கு விருந்தாகலாம். அந்நெருக்கம் முந்துதலாகக் கனியுமா என்பதை, அவ்வளைவுக்கு முன்னும் பின்னும் உள்ள பாதையே முடிவு செய்கின்றது.

3. விமானத் தளத்திலிருந்து பந்தயக் களத்துக்கு

நம்மவர் வாழும் நிலப்பகுதிகளில் மோட்டார்ப் பந்தயம் வளர்ந்த வரலாற்றை நோக்கினால், இரண்டாம் உலகப் போர் விட்டுச் சென்ற விமானத் தளங்கள் அதற்குத் தொட்டிலாக அமைந்தமை புலனாகும். சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம் போர்க்காலத்து விமான ஓடுதளம். 1950களிலிருந்து பல ஆண்டுகள் அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் பெருங்கூட்டத்தின் முன் நடந்தன. இலங்கையிலே களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தை, போர்க்காலத்திற் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாயிருந்து பின்னர் பந்தயங்களுக்கும் இடந்தந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்ரோன் பந்தயக் களமும் அவ்வாறே ஒரு போர்க்கால விமானத் தளம். 1948இல் அங்கே முதற் பெரும் பந்தயம் நிகழ்ந்தது.

விமான ஓடுதளத்தின் இயல்பு யாது? அது தட்டையானது, நேரானது. விமானத்துக்கு வளைவு வேண்டியதில்லை. அந்நேர்கோட்டை ஒரு சுற்றாக்க வேண்டுமாயின் அதன் முனைகளிற் கூரிய திருப்பங்களை அமைத்தே தீர வேண்டும். நேர்பாதையில் இயந்திரத்தின் வலு பேசும். திருப்பத்திற் பிறேக்கின் வலு பேசும். முந்துதற்கு இடமுண்டு. ஆனால் ஏற்றமும் இறக்கமும், ஆரை மாறிக்கொண்டே செல்லும் வளைவும், ஒன்றில் விட்ட பிழையை அடுத்ததிற் சுமக்கவைக்கும் தொடர் வளைவுகளும் அங்கே குறைவு. எல்லா அடியும் ஒரே சந்தத்தில் ஓடும் பாட்டைப் போல, அத்தகைய பாதை சாரதியின் முழுத் திறனையும் சோதிப்பதில்லை.

இக்குறையை நீக்க எழுந்ததே சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில், இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அமைத்த இப்பாதையின் முழு நீளம் 3.717 கிலோமீற்றர், வளைவுகள் 12. விமானத்துக்காக இட்ட பாதையிற் கார் ஓடிய காலம் போய், காருக்காகவே இட்ட பாதையிற் கார் ஓடும் காலம் அங்கே பிறந்தது. கோயம்புத்தூருக்கு அண்மையிற் செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை, பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவரதன் அவர்களின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. இக்கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் போர்முலா வன் பந்தயத்திற் கலந்துகொண்ட முதல் இந்தியராயினார். நல்ல பாதைகள் நல்ல சாரதிகளை வளர்க்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் வரலாறு சான்று பகரும்.

4. திருத்தங்கள் கற்பித்த பாடம்

உலகின் பெருங்களங்களிற் செய்யப்பட்ட சில திருத்தங்களை இனி நோக்குவோம். ஒவ்வொன்றும் வெவ்வேறு பாடம் கற்பிக்கின்றது.

முதலாவது இத்தாலியின் மொன்சா. 1971இல் அப்பாதை நீண்ட நேர்பகுதிகளும் வேக வளைவுகளும் மட்டுமே கொண்டிருந்தது. ஒருவரையொருவர் காற்று நிழலிற் பற்றிக்கொண்டு கார்கள் கூட்டமாக ஓடின. அவ்வாண்டுப் பந்தயத்திற் பீற்றர் கெத்தின் என்பவர் 0.01 செக்கனால் வென்றார். முதல் ஐந்து கார்களும் 0.61 செக்கனுள் முடிவுக்கோட்டைக் கடந்தன. சராசரி வேகம் மணிக்கு 242.6 கிலோமீற்றர், அது 2003வரை முறியடிக்கப்படவில்லை. வேகமும் விறுவிறுப்பும் ஒருங்கே உச்சத்தைத் தொட்ட நாள் அது. ஆனால் அத்தனை வேகத்தில் அத்தனை கார்கள் ஒட்டி ஓடுவதன் இடர் பெரிது. 1972இல் இரண்டு நெளிவுகள் இடப்பட்டன. வேகம் தணிந்தது, கூட்டமாக ஓடும் அக்காட்சியும் மறைந்தது. நெளிவு ஒரு நேரத்தில் ஒரு காருக்கே நல்வழி தருவதாதலின், கூட்டம் சரமாக இழுபட்டது. காப்புக்காக விறுவிறுப்பில் ஒரு பங்கை விலையாகக் கொடுத்தனர் என்க.

இரண்டாவது ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம். 2001வரை அதன் பாதை அடர்ந்த வனத்தினூடே நெடுந்தூரம் சென்று மீண்டது. நீளம் ஏறத்தாழ 6.8 கிலோமீற்றர். 2002இல் வனப்பகுதி வெட்டி நீக்கப்பட்டு 4.574 கிலோமீற்றராகக் குறுகியது. இங்கே மாணவர் ஒரு நுட்பத்தைக் கவனிக்க. 2001இல் மொன்ரோயா முதலிடம் பெற்ற தகுதிச் சுற்றின் நேரம் 1 நிமிடம் 38.117 செக்கன். 2002இல் ஷூமாக்கருக்கு 1 நிமிடம் 14.389 செக்கன். நேரத்தை மட்டும் பார்ப்பவன் வேகம் கூடிவிட்டது என்பான். நீளத்தை நேரத்தால் வகுத்துப் பார்த்தால், சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றரிலிருந்து 221க்கு இறங்கியமை தெரியவரும். ஆயினும் புதிய பாதையில் ஒரு நெடிய வளைகோட்டின் முடிவிற் கொண்டை ஊசி வளைவு ஒன்று அமைந்தது. அதுவே முந்துதற்குரிய இடமாயிற்று. பந்தயம் 45 சுற்றுகளிலிருந்து 67 சுற்றுகளாயிற்று. வனத்துள் மறைந்து போய் வந்த கார்கள் பார்வையாளர் முன் அடிக்கடி தோன்றலாயின. வேகம் குறைந்தும் காட்சி கூடியது. ஆயினும் வனப்பாதையின் தனித்தன்மை போயிற்றே என்று வருந்துவோர் இன்றும் உளர், அவ்வருத்தமும் நியாயமானதே.

மூன்றாவது ஸ்பெயினின் பார்சிலோனா. 2007இல் அப்பாதையின் இறுதிப் பகுதியில், முடிவு நேர்பாதைக்குச் சற்று முன், ஒரு நெளிவு சேர்க்கப்பட்டது. வேக வளைவிற் பின்தங்கும் கார்கள் மெதுவான நெளிவில் நெருங்கி, பின்வரும் நேர்பாதையில் முந்தும் என்பது வடிவமைப்பாளரின் எண்ணம். அவ்வெண்ணம் ஈடேறவில்லை. முன்னே நாம் கண்ட 80 மீற்றர், 20 மீற்றர்க் கணக்கை நினைவு கூர்க. நெளிவில் நெருங்கியது வெறும் தோற்றமாய் முடிந்தது. முன் கார் முதலில் வெளியேறி முதலில் விரைந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2023இல், அந்நெளிவைக் கைவிட்டுப் பழைய வேக வளைவுகளுக்கே போர்முலா வன் மீண்டது.

நான்காவது அபுதாபியின் யாஸ் மரீனா. 2010இல் உலகப் பட்டத்தை எதிர்நோக்கி நின்ற அலொன்சோ, அங்கே தம்மிலும் மெதுவான பெற்றோவின் காரைப் பல சுற்றுகளாகப் பின்தொடர்ந்தும் முந்த இயலாமற் பட்டத்தை இழந்தார். பாதையின் வடிவம் ஒரு சாரதியின் ஆண்டு முழுவதுமான உழைப்பைக் கட்டிப்போட்டதற்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது. 2021இல் அப்பாதை திருத்தப்பட்டது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னிருந்த நெளிவு நீக்கப்பட்டு வளைவு அகலமாக்கப்பட்டது. வேறோரிடத்தில் அடுத்தடுத்திருந்த திருப்பங்களுக்குப் பதிலாகச் சாய்வான நெடிய வளைவொன்று இடப்பட்டது. நீளம் 5.554 கிலோமீற்றரிலிருந்து 5.281 ஆகியது. தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்ற வெர்ஸ்ராப்பனின் நேரம் 2020இல் 1 நிமிடம் 35.246 செக்கன்; 2021இல் 1 நிமிடம் 22.109 செக்கன். சராசரி வேகம் மணிக்கு 210 கிலோமீற்றரிலிருந்து ஏறத்தாழ 231க்கு உயர்ந்தது. நெளிவு போனது, வேகமும் கூடியது, பின்தொடர்வதும் எளிதாயிற்று.

இந்நான்கையும் சீர்தூக்கின் ஓர் உண்மை தெளிவாகும். பாதையை மெதுவாக்குவதால் மட்டும் போட்டி பிறவாது. விரைவாக்குவதால் மட்டும் போட்டி கெடாது. வேகத்துக்கும் வேகமின்மைக்கும் இடையே எத்துணைப் பெரிய மாற்றம், எவ்வளவு அகலமான இடத்தில் நிகழ்கின்றது என்பதே கருத்திற் கொள்ளத்தக்கது.

5. டில்லியும் சென்னையும்

டில்லிக்கு அண்மையிலுள்ள புத்தர் பன்னாட்டுப் பந்தயப் பாதை இவ்வுண்மையை உணர்ந்து அமைக்கப்பட்டது. ஜேர்மனியரான ஹெர்மன் ரில்கே வடிவமைத்த இப்பாதையின் நீளம் 5.125 கிலோமீற்றர், வளைவுகள் 16. மூன்றாம் வளைவின் நுழைவு வழக்கத்திலும் அகலமாக விடப்பட்டது. அகன்ற நுழைவில் ஒரு சாரதி வெளிப்புறமாகவும் மற்றொருவர் உட்புறமாகவும் தத்தம் வழியைத் தெரிவு செய்யலாம். அதன் பின் ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நேர்பாதை. அதன் முடிவில் மெதுவான, அகன்ற நான்காம் வளைவு. நாம் முன்னர்க் கூறிய முந்துதலின் இலக்கணம் முழுவதும் அங்கே அமைந்திருந்தது.

ஆயினும் 2011, 2012, 2013 ஆகிய மூன்றாண்டுகளிலும் அங்கே நடந்த போர்முலா வன் பந்தயத்தில் வென்றவர் செபாஸ்ரியன் வெற்றல் ஒருவரே. 2011இல் அவர் முதற் சுற்றிலிருந்து இறுதிச் சுற்றுவரை முன்னணியிலேயே இருந்தார். நன்செய் நிலம் மட்டும் விளைவைத் தந்துவிடுவதில்லை. விதையும் நீரும் ஒத்து நிற்க வேண்டும். கார்களின் வலு ஏறத்தாழச் சமமாயிருக்கும்போதே பாதையின் நலம் முழுமையாக வெளிப்படும். 2013க்குப் பின் அப்பந்தயம் அங்கே தொடரவில்லை.

சென்னையில் 2024 ஓகஸ்ட் 31, செப்டெம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றியுள்ள நகர வீதிகளிலே போர்முலா 4 கார்கள் இரவில் மின்னொளியின் கீழ் ஓடின. 3.5 கிலோமீற்றர் நீளம், 19 வளைவுகள். நாள்தோறும் பஸ்வண்டியும் முச்சக்கரவண்டியும் ஓடும் வீதி ஒன்று ஈரிரவுகளுக்குப் பந்தயப் பாதையாயிற்று. நகர வீதியின் வளைவுகளை வடிவமைப்பாளர் விரும்பியவாறு அகலமாக்க இயலாது. கட்டடமும் பாலமும் மரமும் முன்னரே தத்தம் இடத்தைப் பிடித்துள்ளன. இருமருங்கும் தடுப்புச் சுவர் நெருங்கி நிற்பதால் முந்துதல் அரிது. அங்கே விறுவிறுப்பு வேறொரு வாயிலால் வருகின்றது. விரற்கடை பிழைத்தாற் சுவர் என்னும் நிலையே அது. திறந்த களத்திற் பிழை செய்தவன் வெளியே ஓடி மீண்டு வரலாம். வீதிப் பந்தயத்தில் அவனுக்கு அன்றைய பந்தயம் முடிந்துவிடும்.

6. பாதையின் விளிம்புக்கு அப்பால்

இதுகாறும் பாதைக்குள் நிகழ்வதைப் பேசினோம். பாதைக்கு வெளியே நிற்பவனைப் பேசாமல் இப்பாடத்தை முடிப்பது முறையன்று.

பிரான்சின் லெ மான்ஸ் களத்தில் 1955இல் ஒரு கார் பார்வையாளர் கூட்டத்துட் சிதறி விழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கார்கள் தரித்து எரிபொருள் பெறும் இடம் விரைந்தோடும் பாதையிலிருந்து தக்கவாறு பிரிக்கப்படாமலும், பார்வையாளர் மிக நெருங்கியும் இருந்தமை பின்னரே உணரப்பட்டது. அப்பகுதி இடித்துத் திருத்தி அமைக்கப்பட்டது. அதே களத்தின் ஆறு கிலோமீற்றர் நேர்பாதையில் 1988இல் ஒரு கார் மணிக்கு 405 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. 1990இல் அந்நேர்பாதையில் இரண்டு நெளிவுகள் இடப்பட்டன. இமோலாவில் 1994இல் அயர்ற்றன் செனா உயிரிழந்த வேக வளைவு மறு ஆண்டிலேயே நெளிவாக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இப்பாடம் கண்ணீரால் எழுதப்பட்டுள்ளது. இலங்கையில் மோட்டார்ப் பந்தயத்துக்கு நீண்ட மரபுண்டு. நுவரெலியாவின் மககஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தியத்தலாவை பொக்ஸ்ஹில் களமும் பெருங்கூட்டத்தை ஈர்ப்பது. அங்கே 2024 ஏப்ரல் 21ஆம் நாள், பாதையை விட்டு விலகிய கார் ஒன்று மக்கள் நின்ற இடத்துட் பாய்ந்தது. ஒரு சிறுமி உட்பட எழுவர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். விடுமுறை நாளில் விளையாட்டைக் காணச் சென்றவர்கள் அவர்கள்.

ஈண்டும் கணக்கே நமக்கு வழி காட்டுகின்றது. வேகம் இரு மடங்கானால் காரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அவ்வாற்றல் எங்கேனும் செலவாகியே தீரும். சரளைக்கல் பரப்பிலோ, அடுக்கிய ரயர்களிலோ, இரும்பு அரணிலோ அது செலவாக வேண்டும். அவை இல்லாவிடத்து மனித உடலிற் செலவாகும். நேர்கோட்டிற் செல்ல விழையும் கார், பிடிப்பை இழந்ததும் வளைவின் வெளிப்புறம் நோக்கியே செல்லும். ஆகவே வளைவின் வெளிப்புறம் பார்வையாளர்க்குரிய இடம் அன்று. காட்சி அங்கேதான் நன்றாகத் தெரியும். அதனாலேயே கூட்டமும் அங்கே சேரும். பாதையின் கோட்டைத் தீட்டுகின்றவன், அது மீறப்படும்போது கார் எங்கே போய் நிற்கும் என்பதையும் உடன் தீட்டுதல் வேண்டும். அதனைத் தீட்டாத பாதை, எத்துணை விறுவிறுப்புடையதாயினும், குறைப்பட்ட பாதையே.

இக்கருத்து பந்தயக் களத்தோடு நில்லாது. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் நோக்கிச் செல்லும் வீதியின் நேர்பகுதிகள் இளைஞரை விரைவுக்கு அழைக்கும். ஆனால் அவ்வீதியின் விளிம்பிற் சரளைப் பரப்பில்லை, ரயர் அடுக்கில்லை, கொடி காட்டி எச்சரிப்பாரும் இல்லை. அங்கே நிற்பவை மாடும் மதிலும் பாடசாலை செல்லும் பிள்ளையுமே. பந்தயச் சாரதி தான் செல்லும் வளைவைப் பலமுறை சுற்றிப் பார்த்து அளந்த பின்னரே விரைகின்றான். எதிரே எவரும் வாரார் என்பதும் அவனுக்கு உறுதி. பொது வீதியில் இவ்வுறுதிகளுள் ஒன்றும் இல்லை. வேகத்தில் வேட்கையுடைய மாணவர் அதற்கென அமைந்த களத்தை நாடுக. பாதை அமைப்பதில் ஆர்வமுடையோர் பொறியியலை நாடுக. வளைவின் ஆரையைக் கணித்து ஓர் உயிரைக் காக்கும் கை, கிண்ணம் ஏந்தும் கையினும் தாழ்ந்ததன்று.

மாணவர் ஆராய்தற்குரிய வினாக்கள்

அ. 100 மீற்றர் ஆரையுள்ள வளைவை, ரயரின் பிடிப்பு வண்டியின் நிறைக்குச் சமமாயிருக்கும்போது, எவ்வளவு வேகத்திற் கடக்கலாம்? மழையினாற் பிடிப்புப் பாதியானால் அவ்வேகம் பாதியாகுமா? கணித்துக் காட்டுக.

ஆ. ஒரு பாதையின் சுற்று நேரம் குறைந்தும் சராசரி வேகம் குறையலாம் என்பதை ஹொக்கன்ஹைமின் எண்களைக் கொண்டு நிறுவுக.

இ. உம் ஊரின் வீதி வளைவு ஒன்றை வரைந்து, பிடிப்பிழந்த வண்டி எத்திசையிற் செல்லும் எனக் குறிக்க. அத்திசையில் இப்போது இருப்பது யாது?

மூன்றாம் வினாவுக்கு விடை காணும் மாணவன் அதனைத் தன் வீட்டாருக்கும் காட்டுவானாக. கல்லூரியிற் கற்றது வீதிக்கு வரும்போதே கல்வி பயன்படுகின்றது. வெள்ளையும் பொன்னுமாய் விழாக்கள் பல கண்டு இக்கல்லூரி வாழ்க! அதன் மைந்தர் எவ்வளைவிலும் வழிதவறாது செல்க!